விழுந்த பிள்ளைகளின் மாவட்டம்

அந்த மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளைப் போலக் கீழே விழுகிறவர்களை வேறெங்கும் பார்க்க முடியாது. மாடிப்படியில் விழுந்தார்கள், மைதானத்தில் விழுந்தார்கள், வகுப்பறையில் உட்கார்ந்த இடத்திலேயே விழுந்தார்கள். விழுந்ததில் ஒருவனுக்குக் காது கிழிந்தது. இன்னொருவன் கழுத்தில் ஐந்து விரலும் பதிந்தது. என்ன சண்டை என்று கல்வி அலுவலகத்திலிருந்து போன் போட்டுக் கேட்டால் தலைமையாசிரியர்கள் பதறிப்போவார்கள். "சேச்சே, சண்டையெல்லாம் இல்ல மேடம். விழுந்துட்டான்" என்பார்கள்.

அந்த மேடத்துக்கு முதுகுக்குப் பின்னால் அவர்கள் வைத்திருந்த பெயர் இலக்கம்மா. மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளுக்கெல்லாம் வருடா வருடம் முன்னேற்ற இலக்கு வகுப்பது அவள் வேலை. இலக்கு மூன்று. தேர்ச்சி கூட வேண்டும், வருகை கூட வேண்டும், சண்டை கால்வாசியாவது குறைய வேண்டும். முதல் இரண்டும் மேலிடத்துச் சரக்கு. மூன்றாவது அவளே யோசித்துக் கொண்டுவந்தது. கணக்கு டீச்சராக இருந்த காலத்தில், பெயிலாகிப்போன ஒருவன் இரும்பு ஸ்கேலால் அவள் புருவத்தைப் பிளந்திருந்தான். தையல் போட்ட தழும்போடு அலுவலக வேலைக்கு வந்தவள், இந்த அடிதடியை ஒழிக்காமல் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தில் யாரும் குறை சொல்ல முடியாது.

இலக்கைத் தொடாத பள்ளியின் தலைமையாசிரியர் ஆண்டுக் கூட்டத்தில் மேடையேறிக் காரணம் சொல்ல வேண்டும். மறுபடியும் தொடாவிட்டால் மாவட்டத்தின் கடைக்கோடிக்கு மாற்றல். முதல் வருடம் எல்லோரும் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். மேடையில் நின்று வியர்த்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து பிள்ளைகள் விழ ஆரம்பித்தார்கள். சண்டை மளமளவென்று குறைந்தது. கூட்டத்தில் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

அவளுக்குத் தெரியாதா என்றால், தெரியும். தெரியாதது போல இருக்கவும் தெரியும். அது அவள் வீட்டில் பழகிய பழக்கம்.

அவள் பிறந்து வளர்ந்தது ஒரே நடையில் வரிசையாகக் கதவு வைத்த வாடகை அறைகளில் ஒன்று. அப்பாவுக்குப் பட்டறையில் இரும்பு கடைகிற வேலை. கை உலக்கை மாதிரி இருக்கும். அம்மாவை அடிக்க அவருக்குக் காரணம் தேவைப்பட்டதில்லை, பொருள்தான் தேவைப்பட்டது. கை வலிக்கிறது என்று செருப்பை எடுப்பார். செருப்பு அறுந்துபோகுமே என்று நாற்காலிக் காலை எடுப்பார். அவ்வளவு சிக்கனமான மனுஷன். மறுநாள் வீங்கிய முகத்தோடு அம்மா குழாயடியில் நிற்பாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்டால், "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்பாள். அவர்களும் தலையாட்டுவார்கள். அந்த நடையில் எல்லார் பாத்ரூமும் வழுக்கும்.

தம்பிக்கு மட்டும் அந்த நாசூக்கு வரவில்லை. பால் பல் விழாத வயது. அடி விழ ஆரம்பித்ததும் கதவைத் திறந்துகொண்டு நடைக்கு ஓடி, "எங்கப்பா எங்கம்மாவை அடிக்கிறாரு! யாராவது வாங்களேன்!" என்று கத்துவான். ஒரு கதவும் திறக்காது. திறந்திருந்த ஒன்றிரண்டும் மூடிக்கொள்ளும். ஊர் சிரிக்க வைத்தாயா என்று அம்மாவுக்கு இன்னொரு சுற்று விழும். அதைப் பார்த்துப் பார்த்து அக்காக்காரி ஒரு முடிவுக்கு வந்தாள். அடுத்த தடவை அவன் கதவுக்கு ஓடியபோது பின்னாலேயே போய் இழுத்து, வாயை உள்ளங்கையால் பொத்தினாள். அவன் திமிறினான், கடித்தான். ரத்தம் வந்தும் அவள் கையை எடுக்கவில்லை. அந்தப் பல் தடம் இன்னும் அவள் இடது உள்ளங்கையில் இருக்கிறது.

பிறகு உட்கார வைத்துப் பாடம் எடுத்தாள். "யாராவது கேட்டா என்ன சொல்லணும்?"

"அப்பா அடிச்சாரு."

"இல்லடா. அம்மா விழுந்துட்டாங்க. சொல்லு."

"அம்மா விழுந்துட்டாங்க."

"அழாம சொல்லு. இன்னொரு தடவ."

அழாமல் சொல்லும் வரை அவள் விடவில்லை. வாய்ப்பாடு மனப்பாடமான மாதிரி அவனுக்கு அது மனப்பாடமாயிற்று. எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே தலையைக் குனிய வேண்டும் என்பது வரை.

சில வருடம் கழித்து அப்பா உதைத்த உதையில் அம்மாவின் பின்னந்தலை இரும்புக் கட்டிலின் விளிம்பில் மோதியது. அவள் எழுந்திருக்கவில்லை. போலீஸ்காரர் வந்து இரண்டு பிள்ளைகளையும் தனியாக நிறுத்திக் கேட்டார். தனியாக என்றால், அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். இருவரும் ஒரே குரலில், "அம்மா விழுந்துட்டாங்க" என்றார்கள். போலீஸ்காரர் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பா அதன் பிறகு வெகுகாலம் இருந்து, மகள் கையால் கஞ்சி குடித்து, தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். அந்த ஆளுக்கு அப்படி ஒரு சாவு வாய்த்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்தத் தம்பிதான் இப்போது மாவட்டத்திலேயே பெரிய பள்ளியின் தலைமையாசிரியர். மோசமான பள்ளியும் அதுதான். ரயில் பாதைக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் முன்கேட் வழியாக வருவார்கள், அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பின்கேட் வழியாக. யார் போட்ட சட்டமோ, மாற்றி வந்தால் அடி. ஆண்டுக் கூட்டத்துக்கு முந்தைய நாள் அக்கா அங்கே போனது தம்பியிடம் ஒரு செய்தியைக் காதோடு சொல்ல. வரும் வருடம் எல்லாப் பள்ளியும் சண்டையைப் பூஜ்யம் ஆக்க வேண்டும் என்று புதிய மாவட்டக் கல்வி அதிகாரி பிடிவாதமாக இருந்தார். ஒரே ஒரு சண்டை வெளியே தெரிந்தாலும் அந்தத் தலைமையாசிரியரின் நாற்காலி போய்விடும்.

"பூஜ்யமா? நல்லாத்தான் இருக்கு" என்று தம்பி டீயை ஊதினான். "எழுதிக்கோ. எங்கிட்ட இப்பவே பூஜ்யம்தான்."

அவன் வாய் மூடவில்லை, பின்பக்க மாடிப்படியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெஞ்சைத் தரையில் போட்டு உடைக்கிற சத்தம். அதைத் தொடர்ந்து ஒரு கூச்சல். அவள் எழுந்தாள்.

"உக்காருக்கா. அவங்களே அடிச்சு ஓஞ்சுடுவாங்க. அப்புறம் போனா போதும்."

"என்னடா சொல்றே?"

"நடுவுல போனா நமக்கும் விழும். நான் வாங்கிப் பாத்தாச்சு." அவன் அறைக்கதவைச் சாத்தினான். வேனிற்காலத்தில் ஜன்னலைச் சாத்துகிற மாதிரி, சாதாரணமாக.

மூடிய அந்தக் கதவைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவனைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்து ஓடினாள்.

படி திரும்புகிற இடத்தில் ஒருவன் கிடந்தான். கடைசி வகுப்புப் படிக்கிற ஒல்லிப் பையன், எல்லாரும் அவனைக் குச்சி என்பார்கள். முன்கேட் பிள்ளை. காலையில் பஸ் தாமதமாகி, பிரேயருக்கு மணி அடித்துவிட்ட பதற்றத்தில் பின்கேட் வழியாக ஓடி வந்திருந்தான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். பின்கேட்காரர்கள் அப்போது ஒன்றும் செய்யாமல் இடைவேளை வரை காத்திருந்தார்கள். இப்போது ஒருவன் அவன் தலைமுடியைப் பிடித்துப் படியின் விளிம்பில் மோதினான். இரண்டு பேர் பெல்ட்டைக் கழற்றி, பக்கிள் இருக்கும் பக்கத்தைச் சுழற்றி விளாசினார்கள். ஒருவன் வயிற்றிலேயே உதைத்தான், ஒரே இடத்தில், ஆணி அடிக்கிற கவனத்தோடு. குச்சியின் வாயில் பல்லும் ரத்தமும் சேர்ந்து கொழகொழவென்றிருந்தது. கத்துவதை எப்போதோ நிறுத்தியிருந்தான். மேல்படியிலும் கீழ்படியிலும் நின்ற கூட்டம்தான் கத்திக்கொண்டிருந்தது.

பெஞ்சின் சாய்வுப் பலகையைப் பிடுங்கி வைத்திருந்தவன் அதை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினான். அது குச்சியின் மண்டைக்கு. அவள் குறுக்கே விழுந்து வலது கையை நீட்டினாள். சுள்ளி ஒடிகிற சத்தம் முதலில் கேட்டது, வலி அதற்குப் பிறகுதான் வந்தது. முன்கை நடுவில் ஒரு புது மூட்டு முளைத்த மாதிரி தொங்கியது. பலகை வைத்திருந்தவன் அவளைப் பார்த்தான். பயப்படவில்லை. "நீ எதுக்கு நடுவுல வந்தே?" என்று அவளையே கேட்டுவிட்டு, இன்னொரு அடி தோளில் போட்டுவிட்டுத்தான் போனான்.

கூட்டம் கலைகிற நேரத்துக்குச் சரியாகத் தம்பி வந்தான். கையைத் தட்டினான். "போதும், போதும், கிளாஸுக்குப் போங்க!" என்றான். அக்காவின் கையைப் பார்த்த பிறகுதான் அவன் முகம் வெளுத்தது.

ஆஸ்பத்திரியில் குச்சிக்கு வயிற்றுக்குள் ரத்தக் கசிவு என்று உள்ளே கொண்டுபோனார்கள். அவன் அம்மா லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். கையெல்லாம் சூடு பட்ட கோடுகள். வேலை உடுப்போடு ஓடி வந்திருந்தாள். தம்பி அவளிடம் போய்த் தலையைக் குனிந்து, சரியான இடத்தில் மூச்சு விட்டு, "மாடிப்படில விழுந்துட்டான்மா" என்றான்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "முதுகைப் பாத்தேன் சார். உங்க ஸ்கூல் படிக்கட்டு பெல்ட்டெல்லாம் போட்டிருக்குமா?"

தம்பி சட்டைப் பையிலிருந்த பேனாவைச் சரிசெய்துகொண்டான்.

"விழுந்தான்னே வச்சுக்குவோம். அவனைத் தள்ளிவிட்ட படிக்கட்டு நாளைக்கும் அங்கேயேதானே நிக்கும்? எம்புள்ள பொழச்சு வந்தா எந்த கேட் வழியா சார் வருவான்? நீங்களே சொல்லுங்க."

விழுந்தவன் என்று சொல்லிவிட்டால் அடித்தவன் என்று யாரும் கிடையாது. அடித்தவர்கள் மறுநாள் பாடம் படிக்க வருவார்கள், குச்சி திரும்பி வந்தால் மீதியையும் முடிப்பார்கள். மாவுக்கட்டுப் போடும் மேஜையில் உட்கார்ந்திருந்த இலக்கம்மாவுக்கு இது ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுந்தது. தன் மூன்றாவது இலக்கு அவளுக்கு முதல்முறையாக முழுசாகப் புரிந்தது. வெட்கத்தில் காது சுட்டது.

தம்பி பக்கத்தில் வந்து நின்றான். குரலைத் தாழ்த்தினான். "அக்கா, நீயும் படிலதான் விழுந்தே. அவனைப் புடிக்கப் போய் ரெண்டு பேரும் உருண்டுட்டீங்க. சரியா?"

"எனக்கேவாடா?"

"பின்ன வேற யாருக்கு? எங்கிட்ட இதைச் சொல்லிக் குடுத்ததே நீதானே?" அவன் கண் கலங்கியது. "முதல் வருஷம் நான் உண்மையைத்தான் சொன்னேன்கா. இந்த நெத்தித் தழும்பைப் பாரு, நடுவுல போய் வாங்கினது. எத்தனை சண்டைன்னு ஒண்ணு விடாம சொன்னேன். நீ என்ன பண்ணே? மாவட்டத்தையே உங்க ஸ்கூல்தான் பின்னால இழுக்குதுன்னு என்னை மேடையில நிக்க வச்சே. உன் தம்பியை. அன்னைக்கு ராத்திரி முடிவு பண்ணேன், இனிமே எவன் செத்தாலும் விழுந்தான்னுதான் சொல்வேன்னு."

"நாளைக்குக் கேட்டா நான் சொல்லிடுவேன்."

"சொல்லு. என் வேலை போயிடும். அதுக்கப்புறம் உனக்குத் தம்பின்னு ஒருத்தன் கிடையாது." அவன் விறுவிறுவென்று போய்விட்டான். கட்டுப் போடுகிறவர் ஒன்றும் காதில் விழாதவர் போல ஈரப் பட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவரும் எத்தனையோ விழுந்த கைகளைப் பார்த்தவர்.

மறுநாள் கூட்டம். நீள மண்டபம், தலைக்கு மேல் விசிறிகள், தட்டுகளில் பிஸ்கட். தலைமையாசிரியர்கள் எல்லாரும் சலவைச் சட்டையில் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். தம்பி இரண்டாவது வரிசை. குச்சி இன்னும் கண் திறக்கவில்லை என்று காலையில்தான் அவளுக்குப் போன் வந்திருந்தது.

அதிகாரி மைக்கைப் பிடித்தார். "சண்டை வருஷா வருஷம் குறைஞ்சுகிட்டே வருது. இனி குறையறதுக்கு என்ன இருக்கு? வர்ற வருஷ இலக்கு பூஜ்யம். என்ன சொல்றீங்க?" கை தட்டினார்கள். அப்போதுதான் அவர் அவள் பக்கம் திரும்பி மாவுக்கட்டைப் பார்த்தார். "அடடே, என்னம்மா ஆச்சு கையில?"

சொல்லத்தான் எழுந்தாள். இரவெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். வாயோ அவளைக் கேட்காமல் தன் பாட்டுக்கு, "விழுந்துட்டேன் சார்" என்றது. அது அம்மாவின் குரல். குழாயடியில் கேட்ட அதே குரல், அதே அசட்டுச் சிரிப்பு.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. "பாருங்கய்யா, மேடமே விழுந்துட்டாங்க!" என்றார் பின்வரிசைக்காரர் ஒருவர். அத்தனை பேருக்கும் அந்தச் சொல்லின் அர்த்தம் தெரிந்திருந்தது. யாருக்கும் அதில் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்தச் சிரிப்புத்தான் அவளைப் பிடித்து உலுக்கியது.

"இல்ல சார்" என்றாள் மைக் இல்லாமலே. "விழல. அடிச்சாங்க. நேத்து, என் தம்பி ஸ்கூல்ல. பெஞ்சுப் பலகையால அடிச்சாங்க. ஒரு பையனை அடிச்சே குடலைக் கிழிச்சிருக்காங்க. அவன் இன்னும் கண்ணு முழிக்கல."

சிரிப்பு அறுந்தது. அதிகாரி இரண்டாவது வரிசையைப் பார்த்தார். "ஹெட்மாஸ்டர், உங்கக்கா சொல்றது நிஜமா?"

தம்பி எழுந்தான். தலையைக் குனிந்தான். மூச்சு விட்டான். "அக்கா பதட்டத்துல சொல்றாங்க சார். அவங்க விழுந்தாங்க. பையனும் விழுந்தான். நான் பார்த்தேன்."

ஒரு பிசிறு இல்லை. அழாமல் சொல்லு, இன்னொரு தடவை சொல்லு என்று அவள் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த அதே ஒழுங்கு. மேடை மேஜையைச் சுற்றிக்கொண்டு அவள் இறங்கி வந்தாள். யாரோ நாற்காலியை இழுத்து வழி விட்டார்கள். தம்பியின் எதிரே நின்று, இடது கையை ஓங்கி, அவன் கன்னத்தில் அறைந்தாள். கண்ணாடி பறந்து பிஸ்கட் தட்டில் விழுந்தது. அவன் உதடு பல்லில் பட்டுக் கிழிந்து, சலவைச் சட்டையில் ரத்தம் சொட்டியது.

இதற்காகப் பின்னால் அவளைச் சஸ்பெண்ட் செய்தார்கள். செய்ய வேண்டியதுதான். அடியை ஒழிக்க வந்தவள் ஊரே பார்க்க அடித்தால் வேறென்ன செய்வார்கள்? அறைந்த எரிச்சல் முழங்கை வரை ஏறியபோது, தன் தோளின் நுனியில் அப்பாவின் கை முளைத்திருப்பதை அவளே கண்டுகொண்டாள். அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கேட்க வந்ததைக் கேட்டாள்.

"இப்ப என்னடா ஆச்சு உனக்கு? விழுந்தியா?"

தம்பி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணாடி இல்லாத அந்த முகம் நடைக்கு ஓடி வந்து நின்ற சின்னப் பையனின் முகமாக இருந்தது. அவன் அதிகாரியைப் பார்த்தான், வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்த சலவைச் சட்டைகளைப் பார்த்தான்.

"அடிச்சாங்க" என்றான். பிறகு தொண்டை திறந்துகொண்டு, வெளி வாசல் வரை கேட்கும்படி கத்தினான். "எங்கக்கா என்னை அடிச்சாங்க. நேத்து என் ஸ்கூல் பசங்க அவங்க கையை உடைச்சாங்க. அந்தப் பையனை என் ரூமுக்குப் பக்கத்துல போட்டு அடிச்சாங்க, நான் கதவைச் சாத்திட்டு உக்காந்திருந்தேன். யார் யார்னு எனக்குத் தெரியும், எழுதிக்கங்க. என் ஸ்கூல்ல ஒருத்தனும் விழல சார். எவனும் விழல." அவனுக்கு மூச்சு வாங்கியது. "எங்கம்மாவும் விழல."

அதிகாரி, "போதும், உட்காருங்க" என்றார். சிலர் எழுந்து கதவை மூடப் போனார்கள். அவன் நிறுத்தவில்லை. எங்கப்பா அடிச்சாரு, எங்கப்பா அடிச்சாரு என்று அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தான். அக்கா ஓர் எட்டு தூரத்தில் நின்றாள். பல் தடம் பதிந்த அந்தக் கை தானாகவே அவன் வாயை நோக்கிக் கொஞ்சம் எழுந்தது. அவள் அதைக் கீழே இறக்கிக்கொண்டு, அவன் கத்தி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள்.